புழுக்கத்தில் கன்று வளர்ப்பு

வெப்பமானி 36 டிகிரி காட்டினால் கன்றுக் கொட்டகைப் பக்கம் எல்லோரும் ஓடுகிறார்கள். 28 டிகிரி என்றால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதமாக இருக்கும்போது 36 டிகிரி செல்சியஸ் தரும் சுமையும், ஈரப்பதம் 80 சதவீதமாக இருக்கும்போது 28 டிகிரி தரும் சுமையும் மாட்டினத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றே. மேகம் மூடி, தூறல் போட்டு, இலைகூட அசையாத நாளில் கன்று ஏன் தீவனத்தைத் தொடாமல் மூச்சு வாங்குகிறது என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் வெப்பமானியை மட்டும் பார்க்கிறவர்கள்.

இதற்கு வெப்ப-ஈரப்பதக் குறியீடு என்று ஒரு கணக்கு உண்டு. செல்சியஸ் அளவை 1.8 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். அதனுடன் 32 கூட்டினால் முதல் எண். 32 கூட்டுவதற்கு முன் பெருக்கி வந்த எண்ணிலிருந்து 26 கழித்தால் இரண்டாவது எண். ஈரப்பதச் சதவீதத்தை 0.0055 ஆல் பெருக்கி, அதை 0.55 இலிருந்து கழித்தால் மூன்றாவது எண். இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கி, வந்ததை முதல் எண்ணிலிருந்து கழித்துவிட்டால் குறியீடு கிடைத்துவிடும். மேலே சொன்ன இரண்டு நாட்களுக்கும் போட்டுப் பாருங்கள், இரண்டுமே 79.7 தான். அதே 32 டிகிரியில் ஈரப்பதம் 40 சதவீதமானால் 79.2, 80 சதவீதமானால் 86.1. நன்றாகப் பால் கறக்கும் பசுவுக்கு 68ஐத் தாண்டும்போதே பால் குறையத் தொடங்கும். கன்று அதைவிடக் கூடுதலாகத் தாங்கும் என்றாலும் 80ஐ ஒட்டிய நாட்களில் அதுவும் திணறும். ஈரப்பதமும் காட்டும் வெப்பமானி ஒன்றைக் கன்று படுக்கும் உயரத்தில், வெயில் படாமல் மாட்டி வையுங்கள். வீட்டு முற்றத்தில் மாட்டினால் அது முற்றத்தின் கதையைத்தான் சொல்லும்.

ஈரப்பதம் ஏன் இவ்வளவு முக்கியம்? சுற்றுப்புறம் உடலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் வரை, கன்றின் தோல் சூட்டைக் காற்றுக்கும் தரைக்கும் நேராகக் கடத்திவிடும். காற்றின் சூடு உடல் சூட்டை நெருங்க நெருங்க அந்த வழி அடைபடுகிறது. பிறகு மிஞ்சுவது ஆவியாதல் ஒன்றுதான்: தோலில் வியர்வை, மூச்சுப்பாதையில் ஈரம். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோ கலோரி சூட்டைக் கொண்டுபோகும். காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாது, ரோமத்தில் சொட்டிக்கொண்டு நிற்கும். கன்று வேகமாக மூச்சுவிட்டு ஈடுகட்டப் பார்க்கும். அந்த மூச்சுக்கும் தசை உழைக்க வேண்டும், உழைப்பு மறுபடியும் சூட்டைக் கிளப்பும்.

இரவைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மாட்டின் உடல் சூடு உச்சத்துக்குப் போவது நண்பகலில் அல்ல. வெயில் உச்சம் முடிந்து சில மணி நேரம் கழித்து, மாலையில். பகலில் சேர்ந்த சூட்டை இரவில்தான் அது இறக்கி வைக்கிறது. வறண்ட பகுதியில் ராத்திரி 20 டிகிரிக்கு இறங்கிவிட்டால், பகலில் 40 ஆனாலும் கன்று காலையில் தெளிந்துவிடும். புழுக்கமான இடத்தில் இரவில் சூடு கொஞ்சம் குறையும், ஈரப்பதம் 90க்குப் போகும், குறியீடு அசையாது. முதல் நாள் மிச்சம் இரண்டாம் நாளில் ஏறிவிடும். மூன்றாம் நாள், நான்காம் நாள்தான் கன்றுகள் வரிசையாகப் படுக்கின்றன. ஒரு நாள் வெயிலுக்கு அஞ்சுவதைவிடத் தொடர்ந்து மூன்று புழுக்க இரவுகளுக்கு அஞ்சுவது சரி.

கன்றுக்கும் பசுவுக்கும் உள்ள வித்தியாசம்

கறவை மாட்டின் உள்ளே பெரிய அடுப்பு எரிகிறது: அசைபோடும் வயிற்றில் நொதித்தல், மடியில் பால் உற்பத்தி. பால் குடிக்கும் கன்றுக்கு இரண்டும் இல்லை. எடைக்கு ஏற்ற தோல் பரப்பும் அதற்கு அதிகம், சூட்டை விரைவாக வெளிவிடும். அதனால்தான் பசு திணறும் நாளில் கன்று சமாளிப்பதுபோலத் தெரிகிறது. ஆனால் அதே தோல் பரப்பு வழியாகத்தான் தகரக் கூரையின் சூட்டையும் தரையின் சூட்டையும் அது வாங்கிக்கொள்கிறது. உடம்பில் சேமித்த நீரும் கொழுப்பும் சொற்பம். பிறந்து சில வாரங்களே ஆன கன்றுக்கு ஏற்ற சூழல் 15 முதல் 25 டிகிரி வரை. அதற்கு மேலே ஒவ்வொரு டிகிரிக்கும் அது தன் கையிலிருந்து செலவு செய்கிறது.

அந்தச் செலவு எவ்வளவு? 40 கிலோ கன்று உயிர்தரிக்க மட்டும் நாளுக்குச் சுமார் 1600 கிலோ கலோரி வேண்டும். வெப்ப அயர்ச்சியில் இது 20 முதல் 30 சதவீதம் கூடும். பால் கணக்கில் சொன்னால் அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை. நாளுக்கு நான்கு லிட்டர் ஊற்றும் பண்ணையில் அது வளர்ச்சிக்குப் போக வேண்டிய பால். எடை ஏறவில்லை, நோய் எதிர்ப்பு குறைகிறது, அடுத்து வரும் கழிச்சலுக்கோ சளிக்கோ கன்று விழுகிறது. வெப்பம் நேராகக் கொன்ற கன்றுகளைவிட, வெப்பத்தில் இளைத்துப் பின்னால் நோயில் போன கன்றுகளே அதிகம்; பதிவேட்டில் மட்டும் காரணம் "கழிச்சல்" என்று இருக்கும்.

திமில் உள்ள இன மாடுகளின் கன்றுகள் வியர்வைச் சுரப்பி, தொங்குதோல், குட்டை ரோமம் ஆகியவற்றால் நன்றாகவே தாங்கும். கலப்பினத்தில் அயல் இரத்தம் கூடக் கூடத் தாங்கும் திறன் குறையும். எருமைக் கன்று தனி. கறுத்த தோல் வெயிலை உறிஞ்சும், வியர்வைச் சுரப்பிகள் குறைவு. நிழல் இல்லாத இடத்தில் எருமைக் கன்றைப் பசுங்கன்றுடன் சேர்த்துக் கட்டக் கூடாது.

மூச்சை எண்ணுங்கள், விடியலில் சூடு பாருங்கள்

விலா ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கன்று படுத்திருக்க வேண்டும். துள்ளி வந்த கன்றை எண்ணிப் பயனில்லை. நிமிடத்துக்கு 25 முதல் 40 வரை இயல்பு. 60ஐத் தாண்டினால் கன்று சூட்டுடன் போராடுகிறது. வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, கழுத்தை முன்னே நீட்டி மூச்சு வாங்கினால் அதை அவசரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பே தெரியும் சிறிய அறிகுறிகள் உண்டு: படுக்காமல் நின்றுகொண்டே இருப்பது, ஈரமான மூலையைத் தேடிப் படுப்பது, எல்லாக் கன்றுகளும் ஒரே சுவரோரம் ஒண்டுவது, தண்ணீர் வாளியை மூக்கால் தள்ளி விளையாடுவது, அடர்தீவனத் தட்டில் நேற்றைய மிச்சம்.

காய்ச்சலா வெப்பமா என்ற குழப்பம் எல்லாக் கொட்டகையிலும் வரும். இயல்பான சூடு 38.5 முதல் 39.5 டிகிரி. புழுக்கமான மாலையில் நல்ல கன்றுக்கும் 40 காட்டும். அதைப் பார்த்து ஊசி போடுவது வீண். காலை ஐந்து, ஐந்தரை மணிக்கு மலவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். விடியலில் மற்ற எல்லாம் 39க்கு இறங்கியிருக்க, ஒன்று மட்டும் 40இல் நின்றால் அது காய்ச்சல். இருமல், தொப்புள் வீக்கம், கழிச்சல் இருக்கிறதா என்று தேட வேண்டும். விடியலிலும் எல்லாமே 39.5க்கு மேலே இருந்தால் கொட்டகை இரவில் ஆறவில்லை. மருந்துப் பெட்டியை மூடிவிட்டுக் காற்றோட்டத்தைப் பாருங்கள். காய்ச்சலில் மூளை தானே உடல் சூட்டின் இலக்கை உயர்த்தி வைக்கிறது. காய்ச்சல் மருந்து அந்த இலக்கைக் கீழே கொண்டுவரும். வெப்பத்தால் ஏறிய சூட்டில் இலக்கு மாறவே இல்லை, ஆகவே அந்த மருந்துக்கு அங்கே வேலையும் இல்லை.

தாயின் வயிற்றிலேயே தொடங்குவது

சினையின் கடைசி ஆறு முதல் எட்டு வாரங்களில், அதாவது பால் வற்றிய காலத்தில், தாய் வெப்பத்தில் தவித்தால் நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகும் இரத்தமும் சத்தும் குறையும். கன்று சில நாள் முன்னதாக, எடை குறைந்து பிறக்கும். அதன் குடல் சீம்பாலின் நோய் எதிர்ப்புப் புரதத்தை உறிஞ்சுவதும் குறையும். இப்படிப் பிறந்த கிடாரிகள் வளர்ந்து, தங்கள் முதல் ஈற்றில் குறைவாகப் பால் கறப்பதை புளோரிடா பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கறவையில் இல்லை என்பதற்காக வற்றுமாடுகளை வெயிலில் ஒதுக்கிக் கட்டும் பழக்கம்தான் பால் பண்ணைகளில் மிகச் செலவு பிடிக்கும் சிக்கனம். விசிறி இரண்டே இரண்டு என்றால் ஒன்று அவற்றுக்குப் போக வேண்டும்.

பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போக வேண்டும், 40 கிலோ கன்றுக்கு நான்கு லிட்டர். சீம்பாலின் செறிவை அளக்கும் பிரிக்ஸ் மானியில் 22க்குக் குறையாத சீம்பால் நல்லது. வெயில் காலத்தில் கெடுவது அளவில் அல்ல, சுத்தத்தில். சூடான பாலில் கிருமி ஏறக்குறைய இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கறந்து இரண்டு மணி நேரம் மூடாமல் வைத்த சீம்பாலில் எதிர்ப்புப் புரதத்துடன் கிருமியும் சேர்ந்து குடலுக்குப் போகும், கிருமி அந்தப் புரதத்தை உறிஞ்ச விடாது. கறந்ததும் ஊட்டுங்கள், இல்லையென்றால் ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும், ஒன்றிரண்டு லிட்டர் பாட்டில்களில் பிரித்து வைக்க வேண்டும்.

பால், தண்ணீர், தீவனம்

வெயிலில் கன்று பாலை விட்டுவிடுவது அரிது. அது விடுவது அடர்தீவனத்தை. ஆகவே ஆற்றலைப் பால் வழியாகக் கொடுப்பதுதான் நடைமுறைக்கு ஏற்றது. எடையில் 10 சதவீதம் என்ற பழைய அளவை 15 முதல் 20 சதவீதமாக உயர்த்தி, இரண்டு வேளையை மூன்றாக்குங்கள். விடியலில் ஒன்று, இரவு ஒன்பது மணி வாக்கில் ஒன்று என்பதை மாற்ற வேண்டாம். பால் பவுடர் கரைப்பவர்கள் ஒரு லிட்டர் கரைசலுக்கு 125 முதல் 150 கிராம் என்ற அளவைத் தாண்டக் கூடாது. "வெயிலுக்கு நல்லது" என்று கெட்டியாகக் கரைத்தால் உப்பும் சர்க்கரையும் குடலுக்குள் நீரை இழுக்கும். நீர் பற்றாத கன்றுக்கு அது கழிச்சலாகத்தான் முடியும். ஆற்றல் கூட வேண்டுமென்றால் கெட்டியைக் கூட்டாமல் அளவைக் கூட்டுங்கள். குளிர்ந்த பால் கொடுத்தால் உடல் ஆறும் என்ற எண்ணமும் தேவையில்லை. ஊட்டும் பால் 38 முதல் 40 டிகிரியில், எல்லா வேளையும் ஒரே மாதிரி இருப்பதே பாதுகாப்பு. மீந்த பாலை வாளியில் விட்டு வைக்காதீர்கள்.

பால் தண்ணீருக்கு மாற்று ஆகாது. உறிஞ்சிக் குடிக்கும் பால் உணவுக்குழாய்ப் பள்ளம் வழியாக நேராக நான்காம் வயிற்றுக்குப் போய்விடும்; முதல் வயிற்றைத் தொடாது. அங்கே நுண்ணுயிர் வளர்ந்து, அடர்தீவனம் நொதித்து, அசைபோடும் வயிறாக அது மாறத் தனியாகத் தண்ணீர் வேண்டும். உலர்தீவனம் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய நான்கு லிட்டர். தண்ணீரை நிறுத்தினால் தீவனம் தானாக நிற்கும். பிறந்த சில நாட்களிலிருந்தே, பால் கொடுக்கும் நேரம் தவிர எப்போதும் வாளியில் தண்ணீர் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் கன்று குடிக்கும் அளவு வழக்கத்தைவிட இரட்டிப்பாகும், மாலையில் காலி வாளியைப் பார்த்தால் அது மதியமே காலியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு வாளியை வெயிலில் வைத்தால் தண்ணீர் வெந்நீராகிவிடும், கன்று முகர்ந்துவிட்டுத் திரும்பும். வாளியை நிழலில் வையுங்கள். ஒரே அடியாக நிரப்பாமல் நாளுக்கு இரண்டு மூன்று முறை கொட்டி மாற்றுங்கள். தண்ணீர் வாளியும் தீவனத் தட்டும் ஒட்டி இருந்தால் கன்று ஈர வாயோடு தீவனத்துக்கும், தீவன வாயோடு தண்ணீருக்கும் போய் இரண்டையும் கெடுக்கும்; இடையில் ஒரு தடுப்போ ஓர் அடி தூரமோ போதும். புழுக்கத்தில் நனைந்த தீவனம் ஒரே நாளில் புளிக்கும். தட்டில் கைப்பிடி அளவு போட்டு, மறுநாள் மிச்சத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது மலிவான வழி. எடுத்த மிச்சத்தை வளர்ந்த மாட்டுக்குப் போடலாம், பூசணம் இல்லாவிட்டால்.

தீவன மூட்டைகளையும் பார்க்க வேண்டும். தீவனத்தின் ஈரம் 13 சதவீதத்தைத் தாண்டினால் பூசணம் பிடிக்கும், அதில் அஃப்ளடாக்சின் என்னும் பூசண நஞ்சு உருவாகலாம். இளம் கன்றுக்குக் கல்லீரல் தாங்காது. மூட்டையைச் சுவரோடு சாய்க்காமல், தரையிலிருந்து உயர்த்திய பலகையில், நாலு பக்கமும் காற்றுப் போகும்படி அடுக்குங்கள். மழை மாதங்களில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள்.

கொட்டகை

கன்று படுத்திருக்கும் இடத்தில் மண்டியிட்டு, அதன் மூக்கு இருக்கும் உயரத்தில் இரண்டு நிமிடம் மூச்சுவிட்டுப் பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாத அமோனியா அங்கே கண்ணை எரிக்கும். அமோனியா மூச்சுப்பாதையின் நுண்ரோமங்களை முடக்கும், வேகமாக மூச்சுவிடும் கன்று அதை இன்னும் அதிகமாக இழுக்கும். வெயில் கால நிமோனியாவின் தொடக்கம் பெரும்பாலும் இங்கேதான். எழுந்திருக்கும்போது முழங்கால் துணி நனைந்திருந்தால் படுக்கையும் மாற்ற வேண்டும் என்று பொருள்.

வெயில் காலத்தில் கொட்டகைக் காற்று மணிக்கு 40 முதல் 60 தடவை முழுவதும் மாற வேண்டும், அதாவது நிமிடத்துக்கு ஒருமுறை அளவில். சுவர் வைத்து அடைத்த கொட்டகையில் இது நடக்காது. நான்கு பக்கமும் திறந்து வைத்தாலும், கன்றுகளைப் பிரிக்கும் தடுப்பு பலகையாக இருந்தால் காற்று தலைக்கு மேலே போய்விடும், கன்று காற்றில்லாத குழியில் கிடக்கும். முன்பக்கமும் பின்பக்கமும் கம்பியாக, பக்கத் தடுப்பு மட்டும் பலகையாக இருந்தால் மூக்கோடு மூக்கு உரசி நோய் பரவாது, காற்றும் ஓடும். கூரை உச்சியில் திறப்பு வேண்டும், கொட்டகையின் அகலம் மூன்று மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் என்ற கணக்கில். சூடான காற்று ஏறி வெளியேற அதுதான் வழி. மழை உள்ளே வருகிறதே என்று அதை அடைப்பவர்கள் உண்டு. வரும் சாரலைவிட அடைத்து வைத்த ஈரம் பெரிது.

விசிறியைப் பசு உயரத்துக்கு மாட்டிவிட்டுக் கன்றுக்கும் காற்று வருகிறது என்று நினைப்பது பொதுவான தவறு. மெல்லிய காகித நாடா ஒன்றைப் படுத்திருக்கும் கன்றின் முதுகு உயரத்தில் பிடியுங்கள். நாடா ஆடாவிட்டால் அந்த விசிறி கன்றுக்கு இல்லாததற்குச் சமம். அங்கே நொடிக்கு ஒரு மீட்டராவது காற்றின் வேகம் வேண்டும். விசிறியைக் கீழ்நோக்கிச் சாய்த்து, கம்பியும் வயரும் கன்றின் வாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கன்று கடிக்காத பொருள் கிடையாது. புழுக்க நாட்களில் விசிறியை இரவிலும் ஓட விடுங்கள், அப்போதுதான் அதன் வேலையே முக்கியம்.

தகரக் கூரை மேலிருந்து வெயிலை வாங்கிக் கீழே கதிராக அனுப்பும். அது காற்றைச் சூடாக்காமலே கன்றைச் சூடாக்கும், ஆகவே வெப்பமானியில் தெரியாது. மேல்பக்கம் வெள்ளைப் பூச்சு, அல்லது கூரைக்கு மேலே ஓலையோ கீற்றோ பரப்புவது உடனே பலன் தரும். நிழல்வலை போட்டால் வெயிலில் 80 சதவீதத்தைத் தடுக்கும் வலையாக, தலைக்கு மேலே மூன்று மீட்டர் உயரத்தில் போடுங்கள். தாழ்வாகக் கட்டிய வலை தானே சூடாகிக் கீழே கொட்டும்.

பிளாஸ்டிக் கன்றுக்குடில் வெயிலில் நின்றால் உள்ளே வெளியைவிடச் சூடு கூடும். அதன் பின்பக்கத்தைச் செங்கல் அல்லது மரக்கட்டை வைத்து 20 சென்டிமீட்டர் தூக்கி விடுங்கள், மேல் துவாரத்தைத் திறந்து வையுங்கள். முன்பக்கம் குளிர்ந்த காற்று நுழைந்து பின்னால் சூடும் கரியமில வாயுவும் வெளியேறும். குடிலை மரநிழலுக்கோ வலை நிழலுக்கோ மாற்றினால் இன்னும் நல்லது.

கொட்டகையின் திசை பற்றி ஒரே விதி சொல்பவர்களை நம்ப வேண்டாம். நீளப் பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் நாள் முழுவதும் உள்ளே நிழல் தங்கும், வறண்ட வெப்பத்துக்கு அது சரி. வடக்கு தெற்காக இருந்தால் காலையும் மாலையும் வெயில் தரையில் புகுந்து ஈரத்தை உலர்த்தும். ஈரம்தான் எதிரி என்ற இடத்தில் இந்த இரண்டாவதில் அர்த்தம் உண்டு, வெயில் வரும் நேரத்தில் கன்று ஒதுங்க இடம் இருந்தால்.

தண்ணீர் தெளிப்பது தனி விஷயம். வறண்ட காற்றில் மூடுபனி போலத் தெளித்தால் காற்றே குளிரும். புழுக்கத்தில் அந்த நுண்துளி ஆவியாகாது. ஈரப்பதத்தைக் கூட்டி, ரோமத்தின் நுனியில் படலமாக நின்று, தோலின் சூட்டை உள்ளேயே பூட்டும். படுக்கையும் நனையும். தெளிப்பான் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. பால் குடிக்கும் கன்றுகளுக்குத் தினசரித் தெளிப்பு வேண்டாம். நிழலும் காற்றும் போதும். ஆறு மாதம் தாண்டிய கிடாரிகளுக்கு நனைக்கலாம், ஆனால் பெரிய துளியாகத் தோல் வரை நனையும்படி ஒரு நிமிடம், பிறகு தண்ணீரை நிறுத்தி விசிறிக் காற்றில் நான்கைந்து நிமிடம், மறுபடி அதே சுற்று. சூட்டை எடுப்பது உலரும் நேரம்தான், நனையும் நேரம் அல்ல. விசிறி இல்லாத இடத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள்.

ஈரம் வளர்க்கும் மற்றவை

வைக்கோல் படுக்கை கன்றின் சூட்டைப் பொத்தி வைக்கும். குளிர்காலத்தில் அது வரம், புழுக்கத்தில் சுமை. மணல் சூட்டைத் தரைக்குக் கடத்தும், ஈக்கு இடம் கொடுக்காது. நனைந்த மணலைத் தினமும் அள்ளிவிட்டுப் புதிய மணல் சேர்க்க வேண்டும். வடிகால் இல்லாத சிமெண்டுத் தரையின் மேல் கொட்டிய மணல் சிறுநீர்க் குளமாகிவிடும், அடியில் சல்லி வேண்டும்.

வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக வெயில் காலத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும். படுக்கையை ஏழு நாளுக்குள் முழுவதும் வழித்து எடுத்தால் அந்தச் சுற்று முறியும். பத்தாம் நாள் எடுத்தால் ஈ ஏற்கெனவே பறந்துவிட்டது. தொப்புள்கொடியை 7 சதவீத அயோடின் டிங்சரில் முக்குவதைப் புழுக்க மாதங்களில் தவறவிட்டால் புழு வைக்கும். கொம்பு சுடுவதை முதல் சில வாரங்களுக்குள், விடியல் நேரத்தில், மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யுங்கள். காயத்தில் ஈ உட்காராத மருந்து தடவ வேண்டும். தடுப்பூசி, இடமாற்றம், பால் மறக்கடித்தல் எல்லாவற்றையும் கடும் புழுக்க வாரத்தில் தள்ளிப் போடுங்கள். அதிலும் இரண்டை ஒரே நாளில் செய்யாதீர்கள்.

காக்சிடியா என்னும் இரத்தக் கழிச்சல் கிருமிக்கு ஈரமும் சூடும் சேர்ந்தால் கொண்டாட்டம். சாணத்தில் விழுந்த முட்டை சில நாட்களில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். மூன்று வாரம் முதல் ஆறு மாதம் வரையான கன்றுகள் முக்கிக்கொண்டே இரத்தம் கலந்து கழிந்தால் இதைச் சந்தேகித்துச் சாணத்தைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். வழக்கமான கிருமிநாசினிகள் இந்த முட்டையைக் கொல்லாது. உலர்த்துவதும் கடும் வெயிலில் காயவைப்பதும்தான் கொல்லும். உண்ணிகளும் இதே பருவத்தில் பெருகும். ஈறு வெளுத்து, சூடு 40க்கு மேலே நின்றால் உண்ணிக் காய்ச்சலை நினைத்து, கண்ணாடித் தகட்டில் இரத்தப் பூச்சு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்.

கழிச்சல் வந்த கன்றுக்கு வெப்பத்தில் நேரம் குறைவு. 40 கிலோ கன்று எடையில் 8 சதவீத நீரை இழந்தால் 3.2 லிட்டர் போய்விட்டது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் இரண்டு நொடிக்கு மேல் மடிந்தே நிற்கும், கண் குழியும். இரண்டு லிட்டர் தாதுஉப்புக் கரைசலை நாளுக்கு இரண்டு மூன்று முறை, பாலுக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டுக் கொடுங்கள். பைகார்பனேட் சேர்ந்த கரைசலைப் பாலில் கலந்தால் பால் வயிற்றில் உறைவது கெடும். பொட்டலத்தில் சொன்ன தண்ணீரைவிடக் குறைத்துக் கரைப்பது ஆபத்து, உப்பு நஞ்சாகும். பாலை நிறுத்தாதீர்கள், பட்டினி போட்டால் கழிச்சல் நிற்காது, கன்றுதான் நிற்கும் வலுவை இழக்கும். விரலை வாயில் வைத்தால் சப்பாத கன்றுக்கு வாய்வழி ஊற்றக் கூடாது, நரம்பு வழியாக ஏற்றக் கால்நடை மருத்துவர் வர வேண்டும்.

கன்று வெப்பத்தில் சரிந்து, மலவாயில் 41 டிகிரிக்கு மேலே காட்டினால் முதலில் நிழல், பிறகு தலை முதல் வால் வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிறி. நனைத்த சாக்கைப் போர்த்தாதீர்கள். சில நிமிடத்தில் சாக்கு உடல் சூட்டுக்கு வந்துவிடும், அதன் பிறகு அது போர்வை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சூடு பார்த்து, 39.5ஐ நெருங்கும்போது நிறுத்துங்கள், இல்லையென்றால் இயல்புக்குக் கீழே போய்விடும். விழுங்கும் நினைவு வந்த பிறகே வாயில் தண்ணீர்.

கிடாரிகள்

பால் மறந்த கிடாரிகளை யாரும் கவனிப்பதில்லை. நோயில் விழாமல் மெதுவாகப் பின்தங்குவதால் கண்ணில் படாது. மாதம் ஒருமுறை நெஞ்சுச் சுற்றளவு நாடாவால் அளந்து எழுதினால் புழுக்க மாதங்களில் வளர்ச்சிக் கோடு படுத்திருப்பது தெரியும். பருவத்துக்கு வருவது வயதைவிட எடையைப் பொறுத்தது என்பதால் அந்த மாதங்கள் முதல் ஈற்றைத் தள்ளிப் போடும். நார்ச்சத்துள்ள தீவனம் அசைபோடும் வயிற்றில் நொதிக்கும்போது சூடு கிளம்பும், சாப்பிட்ட சில மணி நேரம் கழித்துதான் அது உச்சம். காலை எட்டு மணிக்குத் தீவனம் போட்டால் அந்த உச்சம் நண்பகலோடு சேரும். மூன்றில் இரண்டு பங்கைச் சூரியன் சாய்ந்த பிறகு போடுங்கள், முற்றிய தட்டையைக் குறைத்து இளம் பசுந்தீவனம் கூட்டுங்கள். மாட்டின் வியர்வையில் பொட்டாசியம் அதிகம் போகும். தாது உப்புக் கலவையும் நக்கு உப்பும் எப்போதும் எட்டும்படி இருக்க வேண்டும்.

சினைப்பருவ அறிகுறி வெயிலில் குறுகிவிடும், மற்ற மாட்டின் மேல் ஏறுவதும், மற்றது ஏறும்போது தாங்கி நிற்பதும் பெரும்பாலும் இரவில் நடக்கும். பகலில் பார்த்துவிட்டுப் பருவத்துக்கு வரவில்லை என்று முடிவு செய்யாதீர்கள். விடியற்காலை அரை மணி, இரவு ஒன்பதரைக்கு மேல் அரை மணி நின்று பார்க்க வேண்டும். தாங்கி நின்றதை முதலில் கண்டதிலிருந்து சுமார் 12 மணி நேரத்தில் கருவூட்டல். கருவூட்டிய முதல் மூன்று நாட்களில்தான் கரு வெப்பத்துக்கு மிகவும் பலவீனமானது. அந்த மூன்று நாளும் கிடாரியை நடத்திக்கொண்டு போகாமல் விசிறிக்குக் கீழே கட்டுங்கள். உறைவிந்துக் குச்சியை 35 முதல் 37 டிகிரி தண்ணீரில் அரை நிமிடத்துக்குக் குறையாமல் உருக்கி, துடைத்து, வெயில் படாமல் 15 நிமிடத்துக்குள் செலுத்திவிட வேண்டும்.